கெடுத்துப் பார்த்தால்தான் நெட்வொர்க் புரியும்

விலை மலிவான சாதாரண ஸ்விட்ச் ஒன்று. அதில் பத்துக் கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஒரு கேபிளை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் அதே ஸ்விட்சில் காலியாக இருக்கும் இரண்டு போர்ட்டுகளில் செருகுங்கள். சில நொடிகளில் ஸ்விட்சின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து படபடக்கத் தொடங்கும். பிங் கொடுத்தால் பதில் வராது. பத்துக் கம்ப்யூட்டரும் முடங்கிவிடும். கேபிளை உருவினால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

கல்லூரி நெட்வொர்க் லேபில் இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது என்பேன். இரண்டே நிமிட வேலை. ஆனால் அதைப் பார்த்த மாணவர் கேட்கத் தொடங்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் வேண்டும்.

அந்த ஸ்விட்சுக்குள் என்ன நடந்தது? "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்கும் செய்தி எல்லோரையும் சென்றடைய வேண்டியது. ஸ்விட்ச் அதை, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகள் வழியாகவும் அனுப்பும். அப்படி அனுப்பியதில் ஒன்று, வளையமாகச் செருகிய கேபிள் வழியே மறுபடி உள்ளே நுழையும். தான் அனுப்பிய செய்திதான் திரும்பி வந்திருக்கிறது என்று ஸ்விட்சுக்குத் தெரியாது. மீண்டும் எல்லோருக்கும் அனுப்பும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் பொறித்திருக்கும் எண்ணில் ஒன்று குறையும். பூஜ்யமானால் ரவுட்டர் அந்தப் பாக்கெட்டைத் தூக்கியெறிந்துவிடும். ஆனால் ஸ்விட்ச் கையாளும் ஈதர்நெட் ஃபிரேமில் அப்படிப்பட்ட எண்ணே கிடையாது. சுற்றத் தொடங்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும். பிராட்காஸ்ட் புயல் என்று இதைச் சொல்வார்கள்.

அப்படியானால் இரட்டைப் பாதையே வைக்காமல் இருந்துவிடலாமே? முடியாது. ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்றால் மாற்றுப்பாதை வேண்டும். இரண்டு தேவைகளும் முட்டிக்கொள்ளும் இந்த இடத்தில்தான் ரேடியா பெர்ல்மன் வருகிறார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த அவர் 1985இல் ஸ்பேனிங் ட்ரீ என்ற வழிமுறையை வெளியிட்டார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, ஒன்றைத் தலைமையாக ஏற்று, வளையம் உண்டாக்கும் போர்ட்டுகளை அடைத்துவைக்கும். பாதை ஒன்று அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். (ஆய்வுக்கட்டுரையின் தொடக்கத்திலேயே அந்த வழிமுறையை ஒரு சிறு கவிதையாகவும் எழுதி வைத்தார் பெர்ல்மன்.) கெட்ட நெட்வொர்க்கைக் கண்ணால் பார்த்த மாணவருக்கு இது ஒரு தீர்வு. பார்க்காதவருக்கு ஐந்து மார்க் கேள்வி.

2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் நாள்கணக்கில் விழுந்து கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஸ்விட்சுகளைச் சேர்த்துச் சேர்த்து வளர்த்த நெட்வொர்க் அது. ஸ்பேனிங் ட்ரீ தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது. மருத்துவர்கள் பழையபடி காகிதத்தில் மருந்துச் சீட்டு எழுதினார்கள். அன்றன்றைக்குத் தேவைப்பட்டதை ஒட்டவைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நம் கல்லூரிகள் பலவற்றில் நெட்வொர்க் லேப் எப்படி நடக்கிறது? சாக்கெட் புரோகிராம் இரண்டு, சிமுலேஷன் இரண்டு, ரெக்கார்டு நோட்டில் அவுட்புட், கடைசியில் வைவா. ஓஎஸ்ஐயின் ஏழு அடுக்குகளை வரிசையாக ஒப்பித்தால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தலையசைத்துவிடுவார். சாக்கெட் புரோகிராமும் வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் எழுதிய பட்டதாரியை ஒரு கட்டடத்தில் நிறுத்தி, இங்கே நெட்வொர்க் போட்டுக்கொடு என்றால் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் திகைத்து நிற்பார்.

வடிவமைப்பு என்ன கேட்கும் என்று பாருங்கள். நான்கு மாடி ஹாஸ்டல், 600 மாணவர்கள். ஒரு 24 பிட் சப்நெட்டில் 254 முகவரிகள்தான். 22 பிட் என்றால் 1,022. ஆளுக்கு ஒரு கருவி என்றால் தாராளம். ஆனால் ஃபோனும் லேப்டாப்புமாக ஆளுக்கு இரண்டு இருக்கிறதே, 1,200 வேண்டும். 21 பிட் கொடுத்தால் 2,046 கிடைக்கும். கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடும் மாணவரிடம் ஆசிரியர் அந்த வளையக் கேபிளை நினைவுபடுத்த வேண்டும். ஒரே வலையில் 1,200 கருவிகள் என்றால், ஓர் அறையில் செய்த தவறு நான்கு மாடியையும் முடக்கும். மாடிக்கு விலேன் என்ற தனி வலை ஒன்று, அதற்கு 510 முகவரி தரும் 23 பிட் சப்நெட் என்று பிரித்தால் சேதம் ஒரு மாடியோடு நிற்கும். செப்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால் ரேக்கை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்து முடிவாகும். சரியான விடை ஒன்றுதான் என்று இல்லை. எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்லத் தெரிவதுதான் இந்தப் பாடம்.

சுவிட்சர்லாந்தின் இடிஹெச் சூரிச் பல்கலைக்கழகம் இன்னும் ஒருபடி மேலே போனது. அங்கே ஆண்டுதோறும் சுமார் 100 மாணவர்கள் சேர்ந்து ஒரு குட்டி இண்டர்நெட்டையே கட்டி நடத்துகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இண்டர்நெட் நிறுவனம்போல ஒரு தன்னாட்சி நெட்வொர்க். உள்ளே ரவுட்டர்களை அமைப்பது அவர்கள் பொறுப்பு. வெளியே அண்டைக் குழுவோடு பிஜிபி நெறிமுறையில் பேச வேண்டும். யார் வாடிக்கையாளர், யார் சமமான கூட்டாளி, யாருடைய டிராஃபிக்கை யார் சுமப்பது என்பதெல்லாம் இதில் அடக்கம். நூற்றுக்கணக்கான ரவுட்டர்களும் மென்பொருளாகவே சர்வரில் ஓடுகின்றன. யார் நெட்வொர்க்கிலிருந்து யாரை எட்ட முடிகிறது என்று ஓர் அட்டவணை காட்டும். பக்கத்துக் குழு தவறாக அமைத்தால் உங்கள் கட்டம் சிவக்கும். நீங்கள் எழுந்துபோய் அவர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும். உண்மையான இண்டர்நெட்டும் இப்படித்தான் ஓடுகிறது.

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடைசெய்ய நினைத்து, யூடியூப் பயன்படுத்திய 256 முகவரிகள் தன்னிடம் இருப்பதாக ஒரு பாதையை அமைத்தது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. எது குறுகலான தொகுதியோ அதற்கே ரவுட்டர்கள் முன்னுரிமை கொடுக்கும். உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. குட்டி இண்டர்நெட்டில் இதே தவறைச் செய்து பார்த்த மாணவர், வேலையில் அதைச் செய்யுமுன் ஒரு கணம் நிற்பார்.

சூரிச் வரை போகாமலே கிடைக்கும் பழுது ஒன்றையும் சொல்கிறேன். ஹாஸ்டல் அறையில் வைஃபை சரியாக இல்லை என்று ஒரு மாணவர் வீட்டிலிருந்து ரவுட்டர் கொண்டுவந்து, சுவரில் வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுகிறார். அந்த நொடி முதல், அந்த ரவுட்டரும் பக்கத்து அறைகளுக்கு ஐபி முகவரி வழங்கத் தொடங்கிவிடும். கல்லூரி சர்வர் முந்தினால் நெட் வரும். இந்த ரவுட்டர் முந்தினால் வராது. சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்று புகார் குவியும்.

கண்டுபிடிப்பது எப்படி? நெட் வராத லேப்டாப்பில் ஐபி முகவரியைப் பாருங்கள். கல்லூரியின் வரிசையில் இல்லாமல் 192.168.1 என்று தொடங்கினால் வேறு யாரோ கொடுத்தது என்று தெரியும். அதன் கேட்வேயின் மேக் முகவரியை எடுங்கள். மாடி ஸ்விட்சுக்குள் போய் அந்த மேக் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று தேடுங்கள். 17ஆம் போர்ட் என்கிறது ஸ்விட்ச். அந்தப் போர்ட் எந்த அறைக்குப் போகிறது? கேபிளில் லேபிள் ஒட்டியிருந்தால் வேலை முடிந்தது. ஒட்டவில்லை என்றால் மாடி முழுக்கக் கதவைத் தட்ட வேண்டியதுதான். நிர்வாகம் என்ற பாடத்தில் பாதி இந்த லேபிளில் இருக்கிறது. மீதி, இனி இப்படி நடக்காமல் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை ஸ்விட்சில் போட்டுவிட்டு, போட்ட தேதியையும் காரணத்தையும் எழுதி வைப்பதில்.

பணமில்லை என்பது இதற்குத் தடையாகாது. சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசரை மாணவர்கள் இலவசமாகப் பெறலாம். மினிநெட் ஒரே லேப்டாப்பில் முழு நெட்வொர்க்கை ஓட்டும். ஜெரால்டு கோம்ப்ஸ் 1998இல் ஈதரியல் என்று தொடங்கி, 2006இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறிய மென்பொருள், கம்பியில் ஓடும் ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்துக் காட்டும். சூரிச் குழுவும் தன் குட்டி இண்டர்நெட்டை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே வைத்திருக்கிறது. ஆனாலும் பழைய ஸ்விட்சுகள் நாலைந்தாவது லேபில் இருக்கட்டும். சூடாகும் பெட்டியையும் சரியாகக் கிரிம்ப் செய்யாத முனையையும் எந்த மென்பொருளும் கற்றுத்தராது.

நெட்வொர்க் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டர் பிராக்டிகல் தேர்வில் ஒரு கேள்வியையாவது மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கில் மூன்று பழுதுகளை வைத்துக் கொடுங்கள். கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் கொடுங்கள். எதை முதலில் சோதித்தார், ஏன் என்று மாணவர் எழுதியதற்கு மார்க் போடுங்கள், மூன்றையும் சரிசெய்யாமல் போயிருந்தாலும்கூட.