தொட்டதை மட்டுமே அறியும் சென்சார்

மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும் காரில் கூலன்ட் குழாய் வெடிக்கிறது. கூலன்ட் எல்லாம் வழியில் சிந்திவிடுகிறது. இன்ஜின் தகிக்கிறது. மீட்டரில் வெப்பம் காட்டும் முள் சரசரவென்று மேலே ஏறும் என்றுதான் நினைப்போம். ஆனால் பல கார்களில் முள் அசைவதில்லை. சில சமயம் கீழேகூட இறங்கும். ஓட்டுபவர் தைரியமாக இன்னும் சில கிலோமீட்டர் போவார். கேஸ்கட் எரிந்து, சிலிண்டர் ஹெட் வளைந்து, வண்டி நின்ற பிறகுதான் விஷயம் தெரியும்.

இதில் சென்சார் பழுதாகவில்லை. அது இன்ஜினின் சூட்டை அளப்பதே இல்லை. தன் முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் சூட்டைத்தான் அளக்கிறது. கூலன்டில் மூழ்கியிருக்கும் வரை அது சொல்வது சரி. கூலன்ட் போய்விட்டால் அந்த இடத்தில் காற்றும் ஆவியும்தான். உலோகத்திலிருந்து சென்சாருக்குச் சூட்டைக் கொண்டுபோக அவற்றால் திரவத்தைப் போல முடியாது. காரின் வெப்ப சென்சார்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். பராமரிப்பு என்று சொல்வதில் பாதிக்கு மேல் இதிலிருந்தே வருகிறது.

கூலன்ட் சென்சாரின் பித்தளை அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது தெர்மிஸ்டர் என்ற சிறு மணி. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைப் பொடியாக்கி, அழுத்தி, சூளையில் சுட்டுச் செய்வது. தாமிரக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். இந்த மணியில் குறையும். ஓர் அயனியிலிருந்து இன்னோர் அயனிக்கு எலக்ட்ரான் தாவினால்தான் இதில் மின்சாரம் ஓடும். தாவுவதற்கான ஆற்றலை வெப்பம் தருகிறது. சூடு ஏற ஏறத் தாவல் எளிதாகிறது. இந்தக் குணத்தை வெள்ளி சல்பைடில் மைக்கேல் ஃபாரடே கவனித்தது 1833-ல். விற்பனைக்கு ஏற்ற தெர்மிஸ்டருக்குச் சாமுவேல் ரூபன் காப்புரிமை பெற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

பரவலாகப் பயன்படும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை சுமார் 2,500 ஓம். 80 டிகிரியில் 320 ஓம் அளவு. 100 டிகிரியில் 190 ஓம் அளவுதான். இசிஎம் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கணினிப் பெட்டி, தனக்குள் இருக்கும் ஒரு நிலையான மின்தடை வழியாக இந்தச் சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. வோல்ட் அதிகமென்றால் குளிர், குறைவென்றால் சூடு. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், ஸ்பார்க் எப்போது வர வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்ற முடிவுகள் எல்லாம் இந்த வோல்ட்டைச் சார்ந்தவை.

வயர் அறுந்துபோனால் மின்தடை எல்லையில்லாமல் போகும். இசிஎம் படிக்கும் எண்களைக் காட்டும் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று வரும். நம் ஊரில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள், எலி கடித்திருக்கலாம். இத்தகைய பழுதை இசிஎம் உடனே கண்டுபிடித்துச் செக் இன்ஜின் விளக்கைப் போட்டுவிடும். இன்ஜினைக் காப்பாற்றப் பல கார்களில் ஃபேனையும் முழு வேகத்தில் ஓடவிடும். சாவியைத் திருப்பியதுமே ஃபேன் இரைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அறுந்த வயரைவிட எனக்குக் கவலை தருவது மெல்ல மெல்ல வரும் பிழைதான். கனெக்டருக்குள் ஈரம் புகுந்து பச்சை பூத்து, அங்கே 100 ஓம் மின்தடை கூடிவிட்டது என்று கணக்குப் போடுவோம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் 2,500 ஓமுடன் 100 சேர்ந்தால் பிழை ஏறத்தாழ ஒரு டிகிரி, யாருக்கும் தெரியாது. இன்ஜின் 100 டிகிரியைத் தொடும்போது 190 ஓமுடன் அதே 100 சேர்ந்தால் 290. இசிஎம் அதைச் சுமார் 84 டிகிரி என்று படிக்கும், ஃபேனைத் தாமதமாகப் போடும். எந்த நேரத்தில் உண்மை தேவையோ அந்த நேரத்தில்தான் பிழை பெரிதாகிறது. உயர் அழுத்தத் தண்ணீரால் இன்ஜின் பகுதியைக் கழுவ வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். கனெக்டரைக் கழற்றினால் ரப்பர் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு மாட்டுங்கள்.

மீட்டர் முள்ளை நம்பியும் பயனில்லை. ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் நடுவில் நிற்கும்படிதான் பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். முள் சற்று அசைந்தாலே வாடிக்கையாளர் பதறிப்போவார் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. பல சிறிய கார்களில் முள்ளையே எடுத்துவிட்டு நீலம், சிவப்பு என்று ஒரு விளக்கு வைத்துவிட்டார்கள். வாங்குபவருக்குச் செய்த நன்மையாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. புளூடூத் வழியாகப் போனில் எண்களைக் காட்டும் சிறிய ஓபிடி ஸ்கேனர் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரவு முழுக்க நின்ற காரில் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். அத்துடன் விட்டுவிடாமல், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் எண்ணைப் பாருங்கள். கனெக்டர் பிழை அப்போதுதான் பிடிபடும்.

கூலன்ட் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் அதன் உப்பு சென்சார் முனையிலும் படியும், ரேடியேட்டரிலும் படியும். படிந்த உப்பு சூட்டைத் தடுப்பதால் சென்சார் தாமதமாகவே விழிக்கும். எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்திலேயே 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தால் அந்த எல்லை இன்னும் உயரும். கையேட்டில் சொன்ன வகையை, சொன்ன காலத்தில் மாற்றுங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது.

உள்ளிழுக்கும் காற்றை அளக்கும் சென்சார் வேறு இடத்தில், பல கார்களில் ஏர் ஃபில்டரை அடுத்த குழாயில் இருக்கிறது. 20 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்றில் ஒரே கன அளவில் சுமார் 6 சதவீதம் குறைந்த ஆக்சிஜன்தான் இருக்கும். எரிபொருளை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். எண்ணெய்ப் படலமும் தூசியும் இதன் எதிரிகள். இதற்கென்று விற்கும் ஸ்பிரேயைத் தவிர வேறெதையும் அடிக்காதீர்கள். பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் இருக்கும் சென்சார்கள் கரி எரியும் 600 டிகிரிச் சூட்டையும் தாங்க வேண்டும். அங்கே பெரும்பாலும் பிளாட்டினமோ தெர்மோகப்பிளோ வேலை செய்யும். வெளி வெப்பநிலை காட்டும் சென்சார் பெரும்பாலும் முன் பம்பரின் பின்னால் இருப்பதால், நெரிசலில் நிற்கும்போது தார்ச்சாலையின் அனலையும் சேர்த்தே காட்டும். அது பழுதல்ல.

கூலன்ட் சென்சாரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகே கழற்ற வேண்டும். புதிய சென்சார் பழைய திருகில் பொருந்தினால் மட்டும் போதாது. வேறு ஓம் கணக்கில் இயங்கும் சென்சார் அதே துளையில் உட்கார்ந்துகொண்டு தவறான எண்ணைத் தரும். பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். ஒற்றை வயர் கொண்ட பழைய வகைக்குத் திருகின் உலோகம்தான் எர்த். அதில் டெஃப்லான் டேப் சுற்றினால் எர்த் விட்டுப்போகலாம். மாட்டிய பிறகு கூலன்ட் ஊற்றி, கையேட்டில் உள்ள முறைப்படி காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக் குமிழ் ஒன்று முனையில் தங்கினால் புதிய சென்சாரும் பொய்தான் சொல்லும். பிறகு நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் வெப்பநிலை சீராக ஏறி, ஃபேன் ஓடி, மறுபடி இறங்குவதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.