5 நாளில் ஒரு கிரிப்டோ ‘கேம்’ ஆப்: பாயின்ட் எதற்குக் கொடுப்பது?

முதல் முறை பங்கு வாங்கியதும் மொபைல் திரையில் வண்ணக் காகிதத் துகள்கள் மழையாகக் கொட்டும். அமெரிக்காவின் ராபின்ஹுட் ஆப்பில் ஒரு காலத்தில் இருந்த காட்சி இது. வாங்கியது லாபம் தருமா, கையைக் கடிக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால், கொண்டாட்டம் மட்டும் உடனே வந்துவிடும்.

கிரிப்டோகரன்சியும் விற்கும் இந்த ஆப், முதலீட்டை விளையாட்டாக்கி அனுபவமில்லாதவர்களை இழுக்கிறது என்று 2020 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாகாண நிர்வாகம் புகார் தாக்கல் செய்தது. 2021 மார்ச்சில் காகித மழையை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. இந்தப் புகாரையும் தகவல் கசிவு தொடர்பான இன்னொரு விவகாரத்தையும் சேர்த்து முடித்துக்கொள்ள, 2024 ஜனவரியில் 75 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

இப்படியொரு ஆப்பின் மாதிரியை, அதாவது புரோட்டோடைப்பை, இன்று நாலு பேர் சேர்ந்தால் ஒரே வாரத்தில் உருவாக்கிவிடலாம். கோடிங் இப்போது பெரிய தடையே இல்லை. எதற்குப் பாயின்ட் கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம்.

கேமிஃபிகேஷன் என்றால் என்ன?

பாயின்ட், பேட்ஜ், லெவல், லீடர்போர்டு, ஒரு நாளும் விடாமல் வந்தால் ஏறிக்கொண்டே போகும் ‘ஸ்ட்ரீக்’. விளையாட்டில் நம்மைக் கட்டிப்போடும் இந்த உத்திகளை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவதுதான் கேமிஃபிகேஷன். டுவோலிங்கோ இதை வைத்து மொழி கற்றுத் தருகிறது. கிரிப்டோ உலகிலும் உதாரணம் உண்டு: சின்னப் பாடம் ஒன்றைப் பார்த்து, கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் கொஞ்சம் கிரிப்டோ தரும் திட்டத்தை காயின்பேஸ் நடத்தியிருக்கிறது.

உத்தி ஒன்றுதான், விளைவு வேறு. ஸ்ட்ரீக் போய்விடக் கூடாதே என்று ஒரு பாடம் கூடுதலாகப் படித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே காரணத்துக்காக ஒரு டிரேடு கூடுதலாகச் செய்தால் கட்டணம் போகும், சில நேரம் முதலும் போகும்.

இது வெறும் சந்தேகமல்ல. பிரிட்டனின் நிதிச் சேவை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.ஏ., சோதனைக்காகவே ஒரு டிரேடிங் ஆப்பை உருவாக்கி, 9,000-க்கும் அதிகமானோரிடம் கொடுத்துப் பார்த்தது. நோட்டிஃபிகேஷன் வந்தவர்கள் 11 சதவீதமும், பாயின்ட்டும் பரிசுக் குலுக்கலும் கிடைத்தவர்கள் 12 சதவீதமும் அதிகமாக டிரேடு செய்தார்கள் என்று 2024 ஜூனில் வெளியான அதன் ஆய்வு சொல்கிறது.

திங்கள் முதல் வெள்ளி வரை

வேகமாக மாதிரி செய்ய, கூகுள் வென்ச்சர்ஸில் ஜேக் நாப் உருவாக்கிய ‘டிசைன் ஸ்பிரிண்ட்’ முறை உலகம் முழுக்கப் பிரபலம். திங்கள்கிழமை பிரச்சினையைத் தெளிவாக வரையறுப்பது, செவ்வாய்க்கிழமை ஆளுக்கொரு தீர்வைக் காகிதத்தில் வரைவது, புதன்கிழமை அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, வியாழக்கிழமை மாதிரி செய்வது, வெள்ளிக்கிழமை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்பது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வேலைக்கு ஃபிக்மாவே போதும். தொட்டால் அடுத்த திரைக்குப் போகும் படங்களை அதில் ஒரே நாளில் செய்துவிடலாம். கோடு எழுதியே தீருவோம் என்பவர்களுக்கு ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இருக்கின்றன. விலை விவரம் காயின்கெக்கோ போன்ற தளங்களின் ஏபிஐ மூலம் கிடைக்கும். பிளாக்செயினில் பணம் நகர்வதைக் காட்ட எத்தீரியத்தின் செபோலியா டெஸ்ட்நெட் உண்டு. அங்கே ஈத்தர் இலவசம், அதற்குச் சந்தை மதிப்பு கிடையாது. எனவே, தவறு செய்தாலும் யார் பணமும் போகாது.

இன்றைய விலையைவிடப் பழைய விலையைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. 2021 நவம்பரில் பிட்காயின் சுமார் 69,000 டாலருக்குப் போனது. ஒரே ஆண்டில், 2022 நவம்பரில், 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. நாலில் மூணு பங்குக்கு மேல் காலி! அந்த ஓர் ஆண்டைத் தேதி காட்டாமல் பத்து நிமிட ஆட்டமாக ஓட்டலாம். கையில் மெய்நிகர் ஒரு லட்சம் ரூபாய். மேலே ஏறும்போது மட்டும் விளையாடிப் பார்த்தவருக்குக் கிடைக்காத பாடம் இதில் கிடைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை எதைப் பார்ப்பது?

“ஆப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் “சூப்பர்” என்றுதான் சொல்வார்கள். அதனால் கேள்வியைக் குறைத்து, விரலைக் கவனிக்க வேண்டும். விலை 20 சதவீதம் விழுந்ததும் அவர் என்ன செய்கிறார்? எச்சரிக்கை வரியைப் படிக்கிறாரா, தள்ளிவிட்டுப் போகிறாரா? ஆட்டம் முடிந்தபின், எவ்வளவு இழந்தோம் என்று அவரால் சொல்ல முடிகிறதா?

முடிந்தால் இரண்டு வடிவங்கள் வைத்திருங்கள். ஒன்றில் ஒவ்வொரு டிரேடுக்கும் பாயின்ட். இன்னொன்றில், வாங்கும் முன் காரணத்தை ஒரு வரியில் எழுதினால் பாயின்ட், ஒரு நாள் பொறுத்திருந்து வாங்கினால் இன்னும் கொஞ்சம். ஐந்து பேரை வைத்துச் சதவீதக் கணக்குப் போட முடியாது. ஆனால், எந்த வடிவம் யோசிக்க வைக்கிறது, எது பட்டனை மட்டும் தட்ட வைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வரியும் ஆட்டத்தில் இருக்கட்டும்

இந்தியப் பயனாளருக்கான ஆப் என்றால் வரியை மறைத்துக் காட்டும் ஸ்கோர் பொய் ஸ்கோர். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் 50,000 ரூபாய் லாபம், மற்றொன்றில் 50,000 ரூபாய் நஷ்டம் என்றால் கையில் மிச்சம் பூஜ்யம். ஆனால் வரி 15,000 ரூபாய், அதற்கு மேல் செஸ்.

ஆண்டு வரம்பைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் வேறு. ஒரு லட்சம் ரூபாயை வைத்துப் பத்து முறை வாங்கி விற்றால், விலை அசையாவிட்டாலும் சுமார் 9,500 ரூபாய் பிடித்தமாகிவிடும். வருமான வரி ரிட்டர்னில் இதைச் சரிக்கட்டலாம். அதுவரை அந்தப் பணம் கையில் இல்லை. அதிகம் டிரேடு செய்தவருக்கு லீடர்போர்டில் முதலிடம் கொடுக்கும் ஆப், அவருடைய பணத்தைத்தான் முதலில் முடக்குகிறது.

எங்கே வேகம் கூடாது?

மாதிரி ஐந்து நாளில் முடியலாம். நிஜப் பணம் உள்ளே வந்துவிட்டால் கதை வேறு. இந்தியாவில் கிரிப்டோ பரிமாற்றச் சேவைகள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும். பிரிட்டனில் 2023 அக்டோபர் 8 முதல், நண்பரைச் சேர்த்தால் போனஸ் என்ற ஆசை காட்டத் தடை. ஒரு நிறுவனத்தில் முதல் முறை முதலீடு செய்பவர் 24 மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும்.

அந்த 24 மணி நேரத்தை எரிச்சலூட்டும் தடையாகக் காட்டலாம்; ஒரு லெவலாகவும் காட்டலாம். காத்திருக்கும் நேரத்தில் கட்டணம், வரி, சரிவு பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். பதில் சொன்னபின், “இப்போது வேண்டாம்” என்று பின்வாங்குபவருக்கும் அதே பேட்ஜ் கொடுக்கலாம். இதைச் செய்ய ஃபிக்மாவில் ஒரு திரை கூடுதலாக வரைந்தால் போதும்.