திருவொற்றியூர்: தலப்புகழும் பொருள்நிலையும்

ஓர் ஊரின் சிறப்பைப் பிறர்க்கு அறிவித்து, அவரை அவ்வூர்க்கு வருவித்து, வந்தார்க்கு வேண்டுவன அமைத்து, அதற்காம் செலவுக்குப் பொருள் தேடுதல் இக்காலத்துச் சுற்றுலாக் கழகங்களின் தொழிலாகும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தோன்றியது. ஆயினும் அத்தொழிலின் கூறுகள் பலவும் தமிழகத்துத் தலங்களில் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே செம்மையுற நடைபெற்றன என்பதற்குக் கல்வெட்டுக்கள் சான்று பகர்கின்றன. அவற்றுள் வடசென்னைக் கடற்கரையில் உள்ள திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுக்கள் தலையாயவை. 1911, 1912ஆம் ஆண்டுகளில் இவற்றுட் பல படியெடுக்கப் பெற்றன. பல்லவர் இறுதிக் காலம் முதல் விசயநகரக் காலம் வரை இடையறாது தொடரும் இச்சாசனங்களைக் கொண்டு, ஒரு தலத்தின் புகழ் எவ்வாறு பரப்பப்பட்டது, அதற்குரிய பொருள் எவ்வாறு ஈட்டவும் காக்கவும் பட்டது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

கோயில் ஒரு சுற்றுலாக் கழகம் என்பது எம் கருத்தன்று. பத்தியும் பொழுதுபோக்கும் வேறு வேறு என்பது வெளிப்படை. ஆனால் நெடுந்தொலைவிலிருந்து மக்களை ஈர்த்தலும், அவ்வீர்ப்பு நிலைபெறப் பொருள் வகுத்தலும் இரண்டற்கும் பொதுவாதலின், ஒப்புநோக்குதற்கு இடமுண்டு.

1. பெயரும் பாட்டும்

ஒற்றி என்னும் சொல் அடைமானப் பொருளைக் குறிப்பது. இப்பெயரைத் தேவார ஆசிரியர் தம் பாடல்களில் நயம்பட ஆண்டனர். காஞ்சியின் ஓணகாந்தன்தளியில் பாடிய சுந்தரர், ஒற்றியூரோ உமக்கு உரியதன்று என்று இறைவனை எள்ளிநகையாடுகின்றார். இங்ஙனம் ஊர்ப்பெயர் ஒன்றே கேட்டார் நெஞ்சில் தங்குமாறு அமைந்துவிட்டது.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். சுந்தரர் மகிழமரத்தடியில் சங்கிலியார்க்குச் சூளுரைத்து மணந்ததும், அச்சூளைக் கடந்து ஆரூர்க்குப் புறப்பட்டுக் கண்ணொளி இழந்ததும் இவ்வூரில் நிகழ்ந்தனவாகப் பெரியபுராணம் கூறும். எண்ணெய்க்குப் பொருளற்றபோது தம் குருதியால் விளக்கெரிக்கத் துணிந்த கலிய நாயனார் இவ்வூரினரே. பட்டினத்தார் அடக்கம் எய்திய இடமாகவும் இவ்வூர் போற்றப்படுகின்றது.

இவ்வரலாறுகளுள் ஒன்று நம் பொருட்கு மிகவும் இயைபுடையது. ஊர்கள்மேல் இறை விதித்து அரசன் எழுதிய ஓலையில், ஒற்றியூர் நீங்கலாக என்று வரியிடையே இறைவன் எழுதினான் என்பதும், அதனால் எழுத்தறியும் பெருமான் எனப் பெயர் பெற்றான் என்பதும் அக்கதை. சேக்கிழாரும் இதனைக் குறித்துள்ளார். தலத்தின் பெருமையைச் சொல்லவந்த கதை, வரிவிலக்கையே அப்பெருமைக்கு அடையாளமாகக் கொண்டமை கருதத்தக்கது. தலப்புகழும் தலத்தின் பொருள்நிலையும் ஒன்றையொன்று சார்ந்தன என்பதனை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் போதரும்.

2. விளக்கும் பலிசையும்

பொருள்நிலைக்கு அடிப்படையாக இருந்தது முதல் அழியா அறக்கட்டளை. இது பொன்னாகவும் ஆடாகவும் நிலமாகவும் வழங்கப்பட்டது. அபராசிதவர்மன், கம்பவர்மன் காலத்துச் சாசனங்கள் நொந்தா விளக்குக்குப் பொன் அளித்த செய்திகளைக் கூறுகின்றன. பொன்னைப் பெற்றவர் அதனைச் செலவிடலாகாது. ஆண்டுதோறும் அதன் பலிசையைக் கொண்டே விளக்கெரித்தல் வேண்டும். கழஞ்சு ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று மஞ்சாடி என்பது அக்காலத்துப் பலிசை வீதம். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சாதலின், இது நூற்றுக்குப் பதினைந்தாகும். முப்பது கழஞ்சு முதலாயின் ஆண்டுக்கு நாலரைக் கழஞ்சு வருவாய் கிட்டும். முதல் குறைவின்றி நிற்கும்.

ஆடுகள் அளித்தவிடத்தும் நெறி இதுவே. ஒரு விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை விடுதல் அக்கால வழக்கு. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து தொகை என்றும் குறையாது நிற்குமாதலின், இவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் எனச் சாசனங்கள் வழங்கும். நிதியியலின் நுட்பம் ஒன்றனை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இனி, பொன்னை ஏற்றவர் யாவர் என்பது ஆராயற்பாலது. பெரும்பாலும் ஊர்ச்சபையாரும் கணத்தாருமே ஏற்றனர். திருவொற்றியூரின் புறச்சேரியாகிய ஆதம்பாக்கத்து அமிர்தகணத்தார் அத்தகையோர். கம்பவர்மன் காலத்தில் நிரஞ்சன குரவர் தாம் எடுப்பித்த நிரஞ்சனேசுவரத்துக்கு மணலிச் சபையாரிடமிருந்து நிலம் விலைக்குக் கொண்டு, அதனை இறையிலியாக்கினார். இங்ஙனம் கோயிலைச் சூழ்ந்த ஊர்கள் அதன் பொருட்குப் பொறுப்பாளிகளாயின. பொன் ஊரார் கையிலிருந்து அவர்தம் வேளாண்மைக்கும் ஏரிப்பணிக்கும் பயன்படுதற்கு இடமளித்தது; அதன் ஊதியம் கோயிலுக்குச் சென்றது. ஆதலின் தலம் வாழ்தலும் சுற்றூர் வாழ்தலும் ஒன்றாயின.

3. கொடுத்தோர்

கொடுத்தோர் பட்டியலை நோக்கின், இத்தலத்தின் புகழ் எத்துணைத் தொலைவு பரவியிருந்தது என்பது புலனாகும். கோனாட்டுக் கொடும்பாளூர் விடேல்விடுகு இளங்கோவேளாரின் மனைவியார் பூதி அரிந்திகை கம்பவர்மன் காலத்தில் இங்கே பொன் அளித்துள்ளார். முதற் பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டில், சீட்புலியை வென்று நெல்லூரை அழித்த படைத்தலைவன் மாறன் பரமேசுவரனான செம்பியன் சோழியவரையன் இங்கே அறம் செய்தான். வடபுலப் படையெழுச்சியின் வழியில் இவ்வூர் அமைந்தமை இதற்கு ஒரு காரணமாகும்.

இவர் யாவரினும் வியப்புக்குரியவர் சதுரானன பண்டிதர். இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் இருபதாம் ஆட்சியாண்டுச் சாசனம், ஏறத்தாழ கி.பி. 959, இவர் வரலாற்றைக் கூறுகின்றது. சேரநாட்டிற் பிறந்த இவர் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணைவராய் இருந்தார். கி.பி. 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டபோது, உடன் உயிர்விடும் பேறு பெறாமைக்கு வருந்தித் துறவு பூண்டு, கங்கையாடி, ஒற்றியூரை அடைந்து நிரஞ்சன குருவிடம் நோன்பேற்று மடத்தலைவரானார். தம் பிறந்த நாளாகிய அவிட்டந்தோறும் சிறப்பு வழிபாடு நிகழப் பொன் வைத்தார். சோழரை வென்ற மன்னன் ஆட்சியாண்டைக் குறித்தே, தோற்ற சோழனின் நண்பர் வைத்த அறம் எழுதப்பட்டது! ஆட்சி மாறினும் அறம் மாறாது என்னும் நம்பிக்கையே கொடுத்தோரை ஒற்றியூர்பால் ஈர்த்தது என்று துணியலாம்.

4. கற்றளியும் விழாவும் கல்வியும்

சதுரானனர் என்னும் பெயர் பின்வந்த மடத்தலைவர்க்கும் பட்டமாயிற்று. முதல் இராசேந்திரன் காலத்துச் சதுரானன பண்டிதரின் முயற்சியால், அம்மன்னன் ஆணைப்படி, இரவியான வீரசோழத் தச்சன் கருங்கல்லால் மூன்று நிலை விமானத்தை எடுத்தான். அரசன் பிறந்த மார்கழித் திருவாதிரையில் நெய்யாடல் நிகழவும் அப்பண்டிதரே பொருள் வைத்தார். ஆரியதேசத்து மேகலாபுரத்துப் பிரபாகர பட்டரின் மனைவியார் ஆரியம்மை நிலம் கொண்டு இராசேந்திரசோழன் மடத்துக்கு அளித்தார். வந்தார்க்கு உணவும் உறையுளும் அமைந்தாலன்றிப் புகழ் மட்டும் ஒருவரை மீண்டும் வருவியாது என்பதனை இம்மடங்கள் காட்டுகின்றன.

விழாவின் திறம் இரண்டாம் இராசாதிராசனின் ஒன்பதாம் ஆட்சியாண்டுச் சாசனத்தால் விளங்கும். பங்குனி உத்திரத் திருவிழாவின் ஆறாம் நாளில், மகிழின்கீழ் இராசராசன் திருமண்டபத்தில், அரசன் வீற்றிருந்து ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம் கேட்டான். சதுரானன பண்டிதரும், சோமசித்தாந்தம் உரைத்த வாகீசுவர பண்டிதரும் உடனிருந்தனர். எந்த மரத்தின்கீழ்ச் சூள் உரைக்கப்பட்டது என்று கதை கூறுகின்றதோ, அம்மரத்தின்கீழேயே அக்கதை படிக்கப்பட்டது. கதையும் இடமும் நாளும் ஒருங்கு பொருந்திய இவ்வமைப்பு இன்றும் முற்றும் மறையவில்லை. மாசிப் பெருவிழாவில் மகிழடிசேவை நிகழ்ந்து வருகின்றது.

கல்வியும் இத்தலத்துக்கு மக்களை வருவித்தது. இறைவன் பாணினிக்குப் பதினான்கு சூத்திரங்களை அருளினான் என்னும் மரபையொட்டி, வியாகரணதான மண்டபம் என்னும் இலக்கணக் கல்லூரி இங்கே நடைபெற்றது. மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியின் இறுதிக் காலத்தில், கி.பி. 1213ஐ ஒட்டி, இதற்கு 65 வேலி நிலம் அளிக்கப்பட்டது. விழாக்காலத்து வந்து மீள்வோரை நம்பியிராது, ஆண்டு முழுதும் தங்கிக் கற்போரையும் கற்பிப்போரையும் பெறுதற்கு இஃது ஏற்ற வழியாயிற்று.

5. குறைகள்

இவ்வமைப்பைக் குற்றமற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது. 1342இல் இராசநாராயண சம்புவராயன் காலத்தில், பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் ஆகியோர்க்குள் பணிமுறை பற்றி எழுந்த வழக்கு வியாகரணதான மண்டபத்தில் வைத்துத் தீர்க்கப்பட்டது. கம்பண உடையார் காலத்தும் அதனை மீண்டும் தீர்க்க வேண்டியதாயிற்று. விழாவின் பொலிவு, ஆடியும் பாடியும் பணிசெய்த இம்மகளிர் உழைப்பைச் சார்ந்திருந்தது. கொடுத்தோர் பெயர் கல்லில் நிலைத்தது. உழைத்தோர் குரல் வழக்கு எழுந்த காலத்து மட்டுமே கேட்கின்றது. தலத்தின் வருவாயில் அதன் பணியாளர்க்கு உரிய பங்கு யாது என்னும் வினா இன்றைய சுற்றுலாத் தொழிலுக்கும் உரியதே.

6. இற்றைநிலை

அரசியல் மாறிய பின்னரும் பாடல் தலத்தைக் காத்தது. தியாகராசர் இங்குள்ள திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவை திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப்படும். இராமலிங்க அடிகள் வடிவுடை மாணிக்க மாலை பாடினார்.

ஆனால் ஊரின் தோற்றம் பெரிதும் மாறியது. கோலெட்டு என்னும் ஆங்கிலேய ஆளுநர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்க்கு அமைத்த குடியிருப்பு, காலடிப்பேட்டை எனத் தமிழ்ப்பெயர் போல் மருவிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதற் புகைவண்டி புறப்பட்டது. 1948இல் எண்ணூரிலும் 1955இல் திருவொற்றியூரிலும் ஊர்தித் தொழிற்சாலைகள் எழுந்தன. நிரஞ்சன குரவர்க்கு நிலம் விற்ற சபையிருந்த மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நடைபெறுகின்றது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2011இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2021இல் மெட்ரோ இருப்புப்பாதை இவ்வூர்க்கு வந்தது. சரக்கு ஊர்திகளும் ஆலைப்புகையும் மலிந்த இப்பகுதியைக் காணத்தக்க இடமாக வெளியூரார் எண்ணுவது அரிதாயிற்று. எனினும் கார்த்திகை முழுமதி தொடங்கி மூன்று நாட்கள் மட்டும் ஆதிபுரீசுவரரின் கவசம் நீக்கப்படும் காலத்து மக்கள் திரள் குறைவதில்லை.

இக்காலத்து இப்பணி பல நிறுவனங்களிடையே பிரிந்து கிடக்கின்றது. கோயில் ஆட்சி 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்து சமய அறநிலையத் துறையின் மேற்பார்வையில் உள்ளது. விடுதிகள், படகுத்துறைகள், சுற்றுப்பயணங்கள் ஆகியவற்றின் வருவாயைக் கொண்டும் அரசுத் திட்டங்களின் துணைகொண்டும் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இயங்குகின்றது. தெருவும் தூய்மையும் மாநகராட்சியின் பொறுப்பு. ஆலைக்கழிவும் காற்றும் பிறிதொரு வாரியத்தின் பொறுப்பு. அயல்நாட்டு நகரங்கள் சிலவற்றில் தங்கும் விடுதியறைமீது வரி விதித்து, அதனை ஊரை விளம்பரப்படுத்தவும் பேணவும் செலவிடும் முறை உண்டு. வருவோர் தரும் பொருள் ஊர்க்கே மீளுதல் அதன் நோக்கம்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஒற்றியூரின் புகழை வளர்த்தோர் அவ்வூர்க்கே உரிய கதையையும் மரத்தையும் நாளையும் பற்றிக்கொண்டனர். எவ்வூர்க்கும் பொருந்தும் பொதுப் புகழ்ச்சியை நாடவில்லை. இரண்டாவது, பொருளை வேண்டியபோதெல்லாம் இரந்து பெறாது, முதலை அழியாது வைத்து, அதன் ஊதியத்தால் பணிசெய்தனர். இன்னார் தந்தார், இன்னார் ஏற்றார், இன்னது செய்வார் என்பதனை யாவரும் காணக் கல்லில் பொறித்தனர். மூன்றாவது, பொறுப்பைச் சுற்றூர்ச் சபைகளிடம் ஒப்புவித்தமையால் தலத்தின் நலத்தில் அவ்வூரார்க்கும் பங்கு இருந்தது.

இம்மூன்றனுள் இன்று பெரிதும் தளர்ந்திருப்பது மூன்றாவதே. மணலியும் எண்ணூரும் ஒற்றியூரும் ஈட்டும் செல்வம் பெரிது. அச்செல்வத்தின் ஊதியத்தில் ஒரு பகுதி அவ்வூர்களின் நீரையும் காற்றையும் பழஞ்சின்னங்களையும் பேணுதற்கென முதலழியா நிதியாக வைக்கப்படுமாயின், அஃது அயலவர் முறையைப் பின்பற்றியதாகாது; இவ்வூர்க் கற்களே கூறும் முறையைப் பின்பற்றியதாகும். கடற்காற்றாலும் புகையாலும் தேய்வுறும் இக்கல்வெட்டுக்களை மீளவும் நன்கு படியெடுத்து, பொருள் விளங்கும் எளிய உரையுடன் கோயிலுக்கு வருவோர் காணுமாறு வைத்தல் அதன் முதற்பணியாகத் தக்கது. முதுகலை மாணவர் இப்பணியிற் கைகொடுப்பாராயின், பொலியூட்டு, பலிசை, இறையிலி என்னும் சொற்கள் ஏட்டிலன்றி ஊரார் நாவிலும் மீண்டும் உயிர்பெறும்.