பணியை ஒப்படைத்தலும் பொறுப்பை ஏற்றலும்

சங்கங்கள் நலிவுறுவதற்கு மூலதனக் குறைவே காரணமென்று பலர் கருதுகின்றனர். ஆயின், சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால் நாம் காணும் குறை வேறொன்று. ஓரிடத்தில் தலைவரே எல்லாவற்றையும் செய்கிறார், அவர் வெளியூர் சென்றால் நூற்கிடங்கு திறப்பதில்லை, தறிகள் நிற்கின்றன. மற்றோரிடத்தில் தலைவர், தொகை எழுதாத காசோலைகளில் கையொப்பமிட்டுக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டுக் கவலையற்றிருக்கிறார். முன்னவர் எதையும் விடவில்லை. பின்னவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பணியை ஒப்படைக்கும் முறையை இருவரும் அறிந்திலர்.

இம்முறையை விளக்க, ராயபுரத்தை அடுத்துள்ள சென்னைத் துறைமுகமே போதும். திறந்த கடலோரத்தில் 1875-ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய இத்துறைமுகம், 1881-ஆம் ஆண்டுப் புயலில் பெருஞ்சேதமுற்றது. தெற்கிலிருந்து வரும் மணல் கிழக்கு வாயிலைத் தூர்க்கவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயில் வடகிழக்கு நோக்கி மாற்றப்பெற்றது. இங்குள்ள அலையையும் நீரோட்டத்தையும் நன்கறிந்தவர் துணையின்றிப் பெருங்கப்பலை உள்ளே கொணர்தல் அரிது. ஆதலின், பல கடல்களைக் கடந்து வந்த காப்டனும், துறைமுகத்தை நெருங்கியதும் ‘பைலட்’ என்னும் வழிகாட்டியைக் கப்பலில் ஏற்றிக்கொள்கிறார். பைலட் கூறும் திசையில் சுக்கான் திரும்புகிறது. இழுவைப் படகுகள் இயங்குகின்றன. எனினும், காப்டன் தம் அறைக்குச் சென்று உறங்குவதில்லை. உடன் நின்று கவனிக்கிறார். ஆபத்து நேருமெனக் கண்டால் தலையிடுவது அவர் கடமை. கப்பலுக்கு இறுதிவரை பொறுப்பாளி அவரே.

இதினின்று நாம் கொள்ளத்தக்கவை நான்கு. முதலாவது, தகுதியறிந்து ஒப்படைத்தல். இரண்டாவது, எல்லை வகுத்தல். காரியதரிசி எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்கலாம், ஒரு நெசவாளருக்கு எத்தனை நாளைக்குரிய நூல் வழங்கலாம், ஒரு விவசாயிக்கு எவ்வளவு உரம் கடனாகத் தரலாம் என்பவற்றை, சட்டத்திற்கும் துணை விதிகளுக்கும் இணங்க, நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி வைத்தல் வேண்டும். மூன்றாவது, அவ்வெல்லைக்குள் அதிகாரம் அளித்தல். ஒவ்வொரு சிட்டம் நூலுக்கும் தலைவரின் உத்தரவு வேண்டுமெனில், அது ஒப்படைத்ததாகாது. நான்காவது, கண்காணித்தல். ரொக்கப் புத்தகத்தைக் கையிருப்புடனும், இருப்புப் பேரேட்டைக் கிடங்கிலுள்ள சரக்குடனும் மாதம் ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இது காரியதரிசியை ஐயுறுவதன்று. நேர்மையாளருக்கு இதுவே பாதுகாப்பு.

சட்டமும் இக்கருத்துடையதே. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடியாலோ வேண்டுமென்றே காட்டிய அசட்டையாலோ சங்கத்தின் சொத்துக்குக் குறைவு நேரச் செய்த நிர்வாகியிடமிருந்து, தண்டத்தீர்வையாக அத்தொகையை வாங்க வழி செய்கிறது. ‘நம்பிக் கையொப்பமிட்டேன்’ என்னும் சொல்லையே அரணாகக் கொண்டு எவரும் அயர்ந்திருத்தலாகாது.

அங்கத்தினர்களே! அடுத்த பொதுப் பேரவையில் இரண்டு வினாக்களை எழுப்புங்கள்: எந்தப் பணி யாரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது? அதை யார், எப்போது சரிபார்த்தனர்? வினவும் உரிமை உங்களுடையது. சங்கத்தின் பணமும் உங்களுடையதே.