ஆனை சித்தி

வேலணைப் பக்கம் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் பத்தாம் வகுப்புக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தேன். அதில் ‘எலிஃபன்ற் பாஸ்’ என்ற பெயர் வந்தது. கடைசி வாங்கில் இருந்த பெடியன் ‘ஆனை சித்தி’ என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். வகுப்பே சிரித்தது. முன்வாங்குப் பெடியன் எழும்பி, “அது ஆனையிறவு சேர். ஆனையள் செத்த இடம்” என்றான்.

அவனுடைய மொழிபெயர்ப்பும் இவனுடைய விளக்கமும் பிழைதான். ஆனாலும் இரண்டையும் சிவப்புப் பேனையால் வெட்ட மனம் வரவில்லை.

கடைசி வாங்குக்காரனைக் குறை சொல்ல ஏலாது. எங்கள் பக்கத்தில் பாஸ் என்றால் முதலில் சோதினையில் சித்தியடைவதுதான். ஓ.எல்.லில் 75 எடுத்தால் ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ். அந்த எஸ் வரைக்கும் பாஸ். வாசலுக்கு வெளியே வந்தால் அதே சொல்லுக்கு வேறு வேலை. வங்கியில் செக் பாஸாகிறது. பிரதேச சபையில் வீட்டு பிளான் பாஸாகிறது, அல்லது ஆகாமல் கிடக்கிறது. மைதானத்தில் “பாஸ் பண்ணடா!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மடத்துத் திண்ணையில் முன்னூற்றிநாலு விளையாடுகிறவர் கையில் நல்ல சீட்டு இல்லையென்றால் கேள்வி கேட்காமல் பாஸ் சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுகிறார்.

எங்கள் அப்புவை ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வார்ட்டுக்கு வந்த இளம் டொக்டர், “அப்பு, யூரின் பாஸ் பண்ணினீங்களோ?” என்று கேட்டார். அப்பு கொஞ்சம் வெட்கத்தோடு, “நான் எட்டாம் வகுப்போட நிண்டிட்டன் தம்பி” என்றார்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது காலடி. லத்தீனில் ‘பாசுஸ்’ என்றால் எட்டு வைப்பது. ஒரு எட்டு வைத்தால் நின்ற இடத்தைக் கடக்கிறோம். சோதினை, செக், பந்து, மூத்திரம் எல்லாம் ஒன்றைக் கடந்து அந்தப் பக்கம் போகிற சங்கதிதான்.

முன்வாங்குக்காரனின் பிழைதான் எனக்கு ருசியானது. இறத்தல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் கடத்தல் என்று பொருள். சாவு அதில் ஒரு கிளை. ‘வரம்பிறந்த’ என்று சொல்வது வரம்பைக் கடந்ததைத்தான். பள்ளிக்கூடத்தில் இறந்தகாலம் என்று படித்தோமே, அது செத்துப்போன காலம் இல்லை, கடந்துபோன காலம். ஆங்கிலத்தில் அதற்குரிய ‘பாஸ்ற்’ என்ற சொல்லும் ‘பாஸ்’ என்ற வினையிலிருந்து பிறந்ததுதான். ஆனையிறவும் ஆனை கடந்த இடம்தான். ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் இவ்வளவு சரியாகப் பொருந்துகிற இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த ஆனைகள் எங்கே போயின? எங்கள் துறைக்குத்தான். வன்னிக் காட்டில் பிடித்தவற்றை ஆழம் குறைந்த நீரேரியால் நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, பிறகு ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர் இந்த இறங்குதுறையை ‘ஆனைகளின் துறை’ என்றார்கள். அவர்கள் மொழியில் துறைக்கு ‘காயிஸ்’. ஆனை விடுபட்டுப்போய், மிஞ்சிய துறை மட்டும் ‘கயிற்ஸ்’ என்று ஆங்கிலப் பலகைகளில் நிற்கிறது.

அதற்கும் முந்திய சாட்சி நயினாதீவில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு. பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இதே ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. ஆனை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. கல்வெட்டில் ஆனை வருகிறது, போர்த்துக்கேயர் காலத்தில் ஆனை போகிறது. வந்தாலும் போனாலும் துறை ஒன்றுதான்.

1990களில் பாஸ் என்ற சொல் வேறு முகம் காட்டியது. ஆனையிறவால் போக ஏலாது. குடாநாட்டை விட்டு வெளிக்கிடப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும், திரும்பி வருவேன் என்பதற்கு ஒரு ஆளைப் பிணை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு கிளாலியில் இருட்டோடு இருட்டாக வள்ளம். 1996க்குப் பிறகு ஆட்சி மாறியது, கையெழுத்து மாறியது, வரிசை மாறவில்லை. கப்பலில் திருகோணமலைக்குப் போகப் படைத்தரப்பின் அனுமதி தேவைப்பட்டது. அதையும் சனம் பாஸ் என்றுதான் சொன்னது. “பாஸ் கிடைச்சிட்டுதோ?” என்று யாராவது கேட்டால் அந்த நாளில் ஒருவருக்கும் சோதினை நினைவுக்கு வராது. நான் எழுதிய எந்தச் சோதினையிலும் அந்த வரிசையில் நின்றபோது வேர்த்த மாதிரி வேர்த்ததில்லை.

வெளிக்கிட்டவர்களில் பலர் திரும்பவில்லை. புங்குடுதீவில் ஆள் இல்லாத கல்வீடுகளைப் பார்த்தால் தெரியும். கனடாவிலிருந்து ஒருநாள் மருமகளின் பிள்ளை போன் எடுத்து, “அம்மம்மா பாஸ்ட் அவே, தாத்தா” என்றாள். எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. இங்கே என்றால் காலமானா என்று சொல்லியிருப்பார்கள். அவளுக்குத் தெரியாமலே அவள் சொன்னது பழந்தமிழ்: கடந்துவிட்டா, இறந்துவிட்டா.

கடப்பதற்கு எங்களிடம் இன்னொரு சொல்லும் உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகிற தெப்பத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ‘பாதை’. நாங்கள் பாதையில் நடப்பதில்லை, பாதை எங்களை ஏற்றிக்கொண்டு நடக்கும். வெளியூர்க்காரர் “பாதை பழுதாப் போச்சு” என்று கேட்டால் தார் றோட்டை நினைத்துக்கொள்வார்கள்.

போன மாதம் அந்தப் பாதையில் நின்றபோது ஒருவன் வந்து தோளில் தட்டினான். மீசை வைத்திருந்தான். ஆனை சித்திக்காரன்தான்.

“சேர், பாஸ்!”

“ஆங்கிலமோடா? இவ்வளவு காலத்துக்குப் பிறகோ?”

“இல்லை சேர். லொறி ஓடுற றயல்.”