ஜெயிக்கும் குதிரையைக் கம்ப்யூட்டர் சொல்லுமா? எக்ஸெல்லில் ஒரு பயிற்சி

"நாளைய ரேஸில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பதை எங்கள் சாப்ட்வேர் சொல்லிவிடும்." இப்படி ஒரு விளம்பரம் உங்கள் இமெயிலுக்கோ மொபைலுக்கோ வந்திருக்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது ஆசையைத் தூண்டும். கம்ப்யூட்டரால் இது முடியுமா? பணம் கொடுத்து சாப்ட்வேர் வாங்காமல், உங்களிடம் இருக்கும் எக்ஸெல் தொகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். பார்முலா அமைப்பது, அதை மற்ற செல்களுக்குக் காப்பி செய்வது, சதவீதமாகக் காட்டுவது ஆகியவற்றுக்கும் இது நல்ல பயிற்சி.

எடுத்துக்காட்டுக்கு ஹாங்காங் பந்தயங்களை எடுத்துக் கொள்வோம். அங்கு குதிரைகள் பற்றிய விவரங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரை வைத்து உண்மையிலேயே ஜெயித்தவர் ஒருவரும் அங்கு இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ரேஸ் கார்டைப் படிப்பது எப்படி?

ஹாங்காங்கில் இரண்டு பந்தயத் திடல்கள் உள்ளன. ஹேப்பி வேலி 1846 முதல் இயங்குவது. ஷா டின் 1978-ல் திறக்கப்பட்டது. இரண்டையும் நடத்துவது 1884-ல் தொடங்கப்பட்ட ஹாங்காங் ஜாக்கி கிளப். ஒரு பந்தயத்தில் ஓடும் குதிரைகளின் பட்டியல்தான் ரேஸ் கார்டு. அதில் கவனிக்க வேண்டியவை இவை.

1. கடைசி ஆறு ஓட்டங்கள்: குதிரை எத்தனையாவதாக வந்தது என்பதை எண்களாகத் தந்திருப்பார்கள். 1 என்றால் வெற்றி. ஆனால் எந்தத் தரப் பந்தயத்தில், எவ்வளவு தூரத்தில் வந்த வெற்றி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1,000 மீட்டரில் பாய்ந்த குதிரை 1,800 மீட்டரில் களைத்துப் போகலாம்.

2. ரேட்டிங் மற்றும் எடை: ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் எண் உண்டு. ரேட்டிங் ஒரு புள்ளி அதிகம் என்றால், குதிரை ஒரு பவுண்டு எடை கூடுதலாகச் சுமக்க வேண்டும். ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், அடுத்த முறை சுமையும் ஏறும். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். கணிப்பு கடினமாவது இதனால்தான்.

3. கேட் எண்: குதிரை எந்தக் கதவிலிருந்து புறப்படுகிறது என்பது. ஹேப்பி வேலியில் வளைவுகள் நெருக்கமானவை. வெளிப்பக்கக் கதவில் நிற்கும் குதிரை கூடுதல் தூரம் சுற்ற வேண்டியிருக்கும். எனவே சிறிய எண்களுக்குச் சாதகம். ஷா டினில் 1,000 மீட்டர் பந்தயம் வளைவே இல்லாத நேர்ப்பாதை. அங்கு பெரிய எண்களுக்குச் சாதகம் என்று அனுபவசாலிகள் பார்ப்பார்கள்.

4. ஜாக்கியும் டிரெய்னரும்: பயிற்சி ஜாக்கி ஓட்டினால் குதிரைக்கு எடைச் சலுகை உண்டு.

இத்தனையும் படித்த பிறகு பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. அதுதான் ஆட்ஸ்.

ஆட்ஸ் என்றால் என்ன?

ஜெயிக்கும் குதிரைக்குக் கட்டப்படும் பணம் முழுவதும் ஒரே பொதுத் தொகையில் சேர்கிறது. இதை வின் பூல் என்பார்கள். அதில் 17.5 சதவீதம் முதலில் கழிக்கப்படும். மீதி 82.5 சதவீதம் ஜெயித்த குதிரையில் கட்டியவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். ஆட்ஸ் 2.5 என்றால், அந்தக் குதிரை ஜெயித்தால் 10 டாலருக்கு 25 டாலர் திரும்பக் கிடைக்கும். நிறையப் பேர் கட்டினால் ஆட்ஸ் குறையும். ஆகவே ஆட்ஸ் என்பது கூட்டத்தின் ஓட்டு. அந்த ஓட்டை எக்ஸெல்லில் சதவீதமாக மாற்றலாம்.

ஒர்க்‌ஷீட்டைத் தயாரிக்கலாம்

புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். இங்கு ஏ, பி, சி எனக் குறிப்பிடுவதை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்திட வேண்டும். முதல் வரிசையில் தலைப்புகளைத் தாருங்கள். ஏ2 முதல் ஏ9 வரை எட்டுக் குதிரைகளின் எண்களை, 1 முதல் 8 வரை அமைத்திடுங்கள். பி2 முதல் பி9 வரை ஆட்ஸ் எண்களை டைப் செய்திடுங்கள். பயிற்சிக்காக நாம் அமைத்த எண்கள் இவை: 2.5, 4, 5, 8, 10, 16, 20, 40.

அடுத்து, சி2 செல்லில் =1/பி2 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 0.4 என விடை வரும். மீண்டும் சி2 செல்லைக் கிளிக் செய்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து சி9 வரை இழுத்திடுங்கள். பார்முலா எல்லா வரிசைகளுக்கும் தானாகவே மாறி அமைந்துவிடும். இப்போது சி10 செல்லில் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். பின்னர் சி காலத்தைத் தேர்ந்தெடுத்து, சதவீதக் குறி உள்ள பட்டனை அழுத்துங்கள். தசம இடங்களைக் கூட்டும் பட்டனால் இரண்டு இடங்கள் காட்டும்படி செய்தால், கூட்டுத்தொகை 121.25 சதவீதம் என்று தெரியும்.

ஜெயிக்கும் வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100 தானே இருக்க வேண்டும்? கூடுதலாக நிற்கும் 21.25, கழிக்கப்பட்ட 17.5 சதவீதத்தின் நிழல். 100-ஐ 82.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.21 வருவதைப் பாருங்கள்.

இதைச் சரி செய்ய, டி2 செல்லில் =சி2/சி$10 என அமைத்து டி9 வரை இழுத்திடுங்கள். டாலர் குறி 10 என்ற எண்ணை நகராமல் பிடித்துக் கொள்கிறது. டி காலத்தையும் சதவீதமாக மாற்றுங்கள். இது கூட்டத்தின் உண்மையான மதிப்பீடு. முதல் குதிரைக்கு 33 சதவீதம், இரண்டாவதற்கு 20.6, கடைசிக் குதிரைக்கு 2.1. எல்லோரும் நம்பும் பேவரிட் குதிரையே மூன்றில் இரண்டு முறை தோற்கும்!

கடைசியாக இ2 செல்லில் =பி2*டி2*10 என அமைத்து இழுத்திடுங்கள். நீங்கள் கட்டும் 10 டாலருக்குச் சராசரியாக எவ்வளவு திரும்பும் என்பதே இது. எட்டு வரிசைகளிலும் 8.25 என ஒரே விடை வந்திருக்கும். கூட்டத்தின் கணிப்பு சரியாக இருந்தால், எந்தக் குதிரையைத் தேர்ந்தெடுத்தாலும் பத்துக்கு 1.75 டாலர் நஷ்டம்.

உங்கள் கணிப்பு எங்கே?

எஃப் காலத்தில் ரேஸ் கார்டைப் படித்து நீங்கள் தரும் சதவீதத்தை எழுதுங்கள். கூட்டுத்தொகை 100 ஆக வேண்டும். ஒரு குதிரைக்குக் கூட்டினால் மற்றவற்றில் குறைக்க வேண்டும். ஜி காலத்தில் =பி2*எஃப்2*10 என அமைத்திடுங்கள். நான்காம் குதிரைக்குக் கூட்டம் தருவது 10.3 சதவீதம். நீங்கள் 15 தந்தால் ஜி காலத்தில் 12 வரும். 10-க்கு மேல் வந்தால் லாபம் என்று பொருள். ஆனால் உங்கள் 15 சரியா, கூட்டத்தின் 10.3 சரியா? இந்தக் கேள்விக்குப் பதில் எந்த பார்முலாவிலும் இல்லை. பல நூறு பந்தய முடிவுகளில்தான் இருக்கிறது.

அதைத்தான் பில் பென்டர் என்ற அமெரிக்கர் செய்தார். 1980-களின் நடுவில் ஆலன் வுட்ஸ் என்ற கூட்டாளியுடன் ஹாங்காங் சென்றார். பழைய பந்தய முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு குதிரைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார். தொடக்கத்தில் நஷ்டம்தான். பின்னர் தன் கணிப்போடு கூட்டத்தின் ஆட்ஸையும் சேர்த்துக் கணக்கிட்ட போது நிலைமை மாறியது. 1994-ல் தன் முறையைக் கட்டுரையாகவே வெளியிட்டார். இதற்குப் பல ஆண்டு உழைப்பும், தனிக் குழுவும், பெரும் மூலதனமும் தேவைப்பட்டன. இமெயிலில் வரும் சாப்ட்வேரில் இவை இருக்க முடியாது.

விளம்பரத்தை எப்படிச் சோதிப்பது?

"மூன்று ரேஸ் சரியாகச் சொன்னேன், பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேட்டால் இந்தக் கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் 512 பேரை எட்டுக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குதிரையைச் சொல்கிறார். 64 பேருக்குச் சரியாக வரும். அந்த 64 பேரை மீண்டும் எட்டாகப் பிரித்தால் 8 பேர். அடுத்த ரேஸில் ஒருவர். மூன்று முறையும் சரியாக வந்ததைப் பார்த்த அந்த ஒருவர் கேட்ட பணத்தைக் கொடுப்பார். மற்ற 511 பேரை அவருக்குத் தெரியாது.

பத்துப் பந்தய முடிவுகளைக் காட்டினாலும் போதாது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பேவரிட்டையே சொல்லி வந்தாலும், பத்தில் ஐந்தோ அதற்கு மேலோ சரியாக வருவது சுமார் ஐந்துக்கு ஒரு தடவை நடக்கும். பந்தயம் தொடங்கும் முன்பே தேதியோடு எழுதிய கணிப்புகளை, தோற்றவற்றையும் விடாமல், நூற்றுக்கணக்கில் கேளுங்கள்.

உங்கள் கணிப்புக்கும் இதே சோதனைதான். இந்த ஒர்க்‌ஷீட்டில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் எஃப் காலத்தை நிரப்பி, தேதியோடு சேவ் செய்திடுங்கள். பணம் கட்டாமல் நூறு பந்தயங்களுக்கு முடிவுகளைக் குறித்து வாருங்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் நீங்கள் தேர்ந்தெடுத்த குதிரையில் 10 டாலர் கட்டியதாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். 1,000 டாலருக்கு 825-ஐ ஒட்டி வந்தால், உங்கள் கணிப்பும் கூட்டத்தின் கணிப்பும் ஒன்றுதான். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வரும். அந்த விடையைப் பைசா செலவில்லாமல் தெரிந்து கொள்ள உங்கள் கம்ப்யூட்டர் உதவுகிறது.