கார்ட்டூன் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்குமா?

1988 ஏப்ரல் 16ஆம் திகதி, ஜப்பானியத் திரையரங்குகளில் ஸ்டூடியோ ஜிப்லியின் இரண்டு அனிமேஷன் படங்கள் ஒன்றாக வெளியாகின. ஒன்று ஹயாவோ மியசாகியின் 'மை நெய்பர் டொடோரோ'. மற்றையது இசாவோ தகஹாட்டாவின் 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃப்ளைஸ்'.

முதலாவதில், தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்க, கிராமத்துக்குக் குடிவரும் இரு சகோதரிகள் காட்டில் வாழும் விநோதமான உயிரினம் ஒன்றுடன் நட்பாகிறார்கள். இரண்டாவதில், 1945இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்துபோக, தாயை இழந்த 14 வயது அண்ணனும் 4 வயதுத் தங்கையும் பட்டினியால் இறக்கிறார்கள். அண்ணன் ரயில் நிலையத்தில் உயிர்விடுவதுடனேயே படம் தொடங்குகிறது.

இரண்டும் கையால் வரையப்பட்டவை. இரண்டிலும் சிறுவர்களே பிரதான பாத்திரங்கள். ஆனால் இரண்டையும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே மாதிரிப் போட்டுக் காட்ட முடியாது. அனிமேஷன் என்பது படம் எடுக்கும் ஒரு முறை மட்டுமே. யார் பார்க்கலாம் என்பதை அது சொல்வதில்லை.

தரப்படுத்தல் போதுமா?

வயதுத் தரப்படுத்தலை முதலில் பார்ப்பது நல்லது. பிரித்தானியத் திரைப்படத் தரப்படுத்தல் சபை டொடோரோவை அனைவருக்கும் உரியதாகவும், மற்றையதை 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியதாகவும் வகைப்படுத்தியுள்ளது. ஆனால் தரப்படுத்தலும் பிழைக்கலாம். 1978இல் வெளியான 'வோட்டர்ஷிப் டவுன்' முயல்களின் கதை. இரத்தமும் வன்முறையும் கொண்ட அந்தப் படம் பிரித்தானியாவில் 'அனைவருக்கும் உரியது' என்ற தரத்துடன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. பெற்றோரின் முறைப்பாடுகள் தொடர்ந்த நிலையில், 2022இல்தான் 'பெற்றோர் வழிகாட்டல் தேவை' என அது மாற்றப்பட்டது.

அத்துடன், தரப்படுத்துபவருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. 'ஃபைண்டிங் நீமோ'வின் முதல் சில நிமிடங்களிலேயே தாய் மீன் கொல்லப்படுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கடந்துவிடுவார்கள். அண்மையில் தாயை இழந்த பிள்ளைக்கு அது வேறு படம்.

எந்த வயதில் எது பயம்?

சிறுவர்களின் பயம் குறித்து ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோஆன் கன்டோர் ஒரு முக்கிய வேறுபாட்டைக் காட்டியுள்ளார். ஏறக்குறைய 7 வயது வரையான பிள்ளைகளைப் பயங்கரமான தோற்றமும் திடீர் மாற்றங்களுமே அதிகம் அச்சுறுத்துகின்றன. அவர்களிடம் "அது பொய்" என்று விளக்குவதைவிட, அணைத்து வைத்திருப்பது உதவும். வளர்ந்த பிள்ளைகள் உண்மையில் நடக்கக்கூடியவற்றுக்கே அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவை.

பெற்றோர் செய்யக்கூடியவை

• முடிந்தால் படத்தை முன்கூட்டியே பாருங்கள். நேரமில்லையெனில் முதல் பத்து நிமிடங்களையும் கடைசி இருபது நிமிடங்களையும் பாருங்கள்.
• வயது எண்ணுடன் நின்றுவிடாமல், அந்தத் தரம் வழங்கப்பட்ட காரணத்தையும் வாசியுங்கள்.
• நெட்பிளிக்ஸில் பிள்ளைக்குத் தனிக் கணக்குப் பக்கம் அமைத்து, வயதெல்லையைத் தெரிவுசெய்யுங்கள். குறிப்பிட்ட படங்களைத் தடுக்கவும் முடியும்.
• பக்கத்தில் இருந்து பாருங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். "இதுக்குப் போய்ப் பயமா?" என்று கேட்காதீர்கள்.

எங்கள் வீடுகளில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். 2009இற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு விமானத் தாக்குதல் கதையில் வரும் ஒரு காட்சி. அதே கூடத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கு அது பங்கருக்குள் கழிந்த இரவாக இருக்கலாம். 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' போன்ற படத்தைப் பதின்ம வயதுப் பிள்ளைக்குக் காட்டலாம். அதற்கு முன் அம்மம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படம் முடிந்ததும் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரமும் ஒதுக்குங்கள்.